ரோஸ்மேரியின் பித்தளை ஊசி

திருப்பூரில் துப்பறியும் தொழில் நடத்துகிறவர்களுக்கு வைரக் கடத்தல் எல்லாம் வாய்ப்பதில்லை. நூல் கோன் காணாமல் போகும். பாபின் கேஸ் காணாமல் போகும். ஒருவர் கண் விழித்துப் போட்ட டிசைன், அவர் துணி எடுப்பதற்குள் காதர்பேட்டைக் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த மாதிரிக் கேஸ்களை வைத்துத்தான் கலைமகள் மண்ணரையில் ஒரு பேக்கரிக்கு மேலே ஆபீஸ் வாடகை கட்டிக்கொண்டிருந்தாள். முன்பு ஒரு பையிங் ஹவுஸில் க்யூ.சி. ஆக இருந்தவள். சட்டையில் குறை கண்டுபிடித்துச் சலித்துப்போய், சட்டை போட்டவர்களிடம் கண்டுபிடிக்கலாம் என்று வேலையை விட்டாள்.

உதவிக்கு ஈஸ்வரமூர்த்தி இருந்தார். பல வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு, முதலாளியின் மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார், வாயை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

அன்று காலையில் படியேறி வந்தவள் ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, அடுத்த தெருவில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தாள். அயர்ன் பாய்லர் குழாய்களுக்குக் கேஸ் வைத்துப் பற்றவைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர். அந்தப் பேருக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

அவள் சொன்ன கதை இது. வேலம்பாளையத்தில் அருள்குமார் என்பவருடைய பனியன் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை யாரோ ஆபீஸ் பீரோவின் பூட்டை அறுத்துவிட்டார்கள். போனது ஒரே ஒரு டி-சர்ட். ஆனால் அது சீல் சாம்பிள். வெளிநாட்டு பையர் பார்த்து ஒப்புக்கொண்டு, முத்திரை வைத்துக் கொடுத்த மாதிரிச் சட்டை. கப்பல் ஏறும் முன் சரக்கை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பீரோவின் முன்னால் ஒரு துண்டுத் துணியும், அதன் மேல் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை ஊசியும் கிடந்தன.

கேஸ் வெல்டிங் டார்ச்சின் கைப்பிடிக்குள் இருந்துகொண்டு ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கிற ஊசி அது. ரோஸ்மேரியின் டார்ச் மிகப் பழைய வெளிநாட்டு மாடல். ஏதோ ஒரு மில்லை மூடியபோது ஏலத்தில் எடுத்தது. செய்த கம்பெனியே இப்போது இல்லை. கைக்கு லேசாக, சுடர் மெலிசாக வரும் என்பதால் அவள் அதை விடமாட்டாள். போன மழைக்காலத்தில் அதன் ஊசி தேய்ந்துபோனது. புது மாடல் ஊசி எதுவும் அதில் உட்காரவில்லை. வேறு ஊசிக்கு லேத்தில் ஒரு புஷ் வளையம் கடைந்து போட்டு, லீக்கோடு ஓட்டிக்கொண்டிருந்தாள். வெல்டர்களும் மெக்கானிக்குகளும் கம்பெனி முதலாளிகளும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் தேய்ந்த ஊசியின் படத்தைப் போட்டு, இதே மாதிரி எங்காவது கிடைக்குமா என்று எல்லோரையும் கேட்டுவிட்டாள்.

ஆக, அருள்குமார் அதே குரூப்பில் பித்தளை ஊசியின் படத்தைப் போட்டு இது யாருடையது என்று கேட்டதும், ரோஸ்மேரி அக்கா டார்ச்சினுடையது என்று ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். அதற்குக் கீழே, இந்த மாதிரி ஆட்களைக் கம்பெனிக்குள் விடாதீர்கள் என்று ஒருவர் எழுதினார். காலையிலேயே இரண்டு கம்பெனிகள் போன் செய்து வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. சாயங்காலம் எஸ்.ஐ. அந்த ஊசியோடு பட்டறைக்கு வருகிறார். டார்ச்சில் பொருந்தினால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"பொருந்துமா பொருந்தாதான்னு பாக்கப் போறாங்களாம்" என்றாள் ரோஸ்மேரி. "பொருந்தத்தான செய்யும் மேடம். அதத் தேடித்தான நான் ஊரெல்லாம் அலையுதேன்."

"தேடுன சாமான போலீசே ஊட்டுக்குக் கொண்டாந்து குடுக்குது" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "இந்த வசதி ஆன்லைன்ல கூட இல்லீங்க."

ரோஸ்மேரி அவரைப் பார்த்த பார்வையில் டார்ச் இல்லாமலே தீ இருந்தது. கலைமகள் சிரிக்காமல் படத்தை மட்டும் அனுப்பச் சொல்லி, பட்டறையிலேயே இருக்கும்படி அவளை அனுப்பிவைத்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறப் பனியன் துணி. ஊசியைச் சுற்றித் துணியில் ஒரு ஈர வளையம். அதைப் பார்த்ததும் பழைய உத்தியோகத்தின் கோபம் அவளுக்குத் தானாக வந்துவிட்டது. அந்தக் கறைக்காக எத்தனையோ டஜன் சட்டைகளை அவள் தள்ளுபடி செய்திருக்கிறாள். தையல் மிஷினுக்கு விடுகிற வெள்ளை எண்ணெய் அது.

*

மருதாசலத்தின் வெல்டிங் சாமான் கடைக்குப் போகிற வழியில் ஈஸ்வரமூர்த்தி இரண்டு உளுந்து வடை வாங்கிக்கொண்டார். ஒன்றைச் சாப்பிட்டபடியே கடைக்குள் நுழைந்து, சாய்ந்துகொள்ள வசதியாக ஒரு கறுப்பு சிலிண்டரின் தலையில் கையை வைத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

"அது ஆக்சிஜனுங்க" என்றார் மருதாசலம். "எண்ணெய்க் கையோட தொடாதீங்க சாமி. அழுத்தத்துல வர்ற ஆக்சிஜன் எண்ணெயப் பாத்துதுன்னா, அதுக்குத் தீப்பெட்டியே வேண்டாமுங்க. மூஞ்சி போயிரும்."

ஈஸ்வரமூர்த்தி மிச்ச வடையை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு கையை வேட்டியில் துடைத்தார். வடை தின்று செத்தவன் என்று பேப்பரில் வந்தால் சொந்தக்காரர்கள் கூட வரமாட்டார்கள் என்று வருத்தப்பட்டார். கலைமகள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். வெல்டிங் தெரிந்த எவராவது ஆக்சிஜன் ஊசிக்கு எண்ணெய் போடுவார்களா என்று பெரியவரிடம் கேட்டாள். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அதுதான் என்றார் அவர். அதை மறந்தவன் இரண்டாவது நாள் தொழிலில் இருக்கமாட்டானாம்.

அப்படியானால் அந்த ஊசி வெல்டர் கையிலிருந்து விழுந்ததில்லை. ரோஸ்மேரி கையிலிருந்து நிச்சயமாக இல்லை. கலைமகளுக்கு மனசு லேசானது. ஆனால் எஸ்.ஐ.யிடம் போய் ஒரு கறையைக் காட்டி ஆளை விடச் சொன்னால் அவர் விடமாட்டார். ஊசி யார் கையிலிருந்து வந்தது என்று சொன்னால்தான் காது கொடுப்பார்.

அந்த ஊசியைக் கேட்டு ரோஸ்மேரி தவிர வேறு யாராவது வந்தார்களா என்று கேட்டாள். மருதாசலத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போன வாரம் ஒருத்தர் வந்தாராம். போனில் ரோஸ்மேரி போட்ட அதே படத்தைக் காட்டினாராம். நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர். எதற்கு என்று கேட்டதற்கு நெளிந்தாராம்.

"அந்த மாடலுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்லீங் கண்ணு" என்றார் மருதாசலம். "ஆனா அதுல இருக்கிற மரை ரொம்பப் பொடி. தையல் மிஷின் ஸ்க்ரூவுலதான் அத்தனை பொடி மரை வரும். அதுனால மிஷின் ஸ்பேர் கடையில பழைய ஸ்க்ரூ டப்பாவக் கொட்டித் தேடுங்கன்னு சொல்லி அனுப்புனனுங்க. டார்ச்சுக்குச் சாமான் தேடறவங்க யாரு அங்க போய்ப் பாக்கறாங்க."

*

மிஷின் ஸ்பேர் கடைத் தெருவில் மூன்றாவது கடையிலேயே விடை கிடைத்தது. அங்கே உட்கார்ந்திருந்த நஞ்சம்மாள் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மூடிப்போன ஒரு கம்பெனியின் பழைய ஸ்க்ரூக்களை மொத்தமாக எடுத்தபோது அந்த ஊசியும் அதில் வந்திருக்கிறது. எந்த மிஷினுக்கும் சேராமல் டப்பாவின் அடியில் கிடந்திருக்கிறது. வாங்கிப் போனவர் வீரன். அருள்குமார் கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக்.

"மோதரம் வாங்குறாப்பல திருப்பித் திருப்பிப் பாத்தாருங்க" என்றார் நஞ்சம்மாள். "காசு குடுத்துட்டுக் கும்புடு வேற போட்டுட்டுப் போனாரு."

ஈஸ்வரமூர்த்திக்கு அதோடு கேஸ் முடிந்துவிட்டது. திருட்டு நடந்த கம்பெனியிலேயே வேலை, கையில் ஊசி, நகத்தில் எண்ணெய். இன்னும் என்ன வேண்டும், கழுத்தில் போர்டு மாட்டிக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டார். கலைமகள் ஸ்கூட்டரை வேலம்பாளையம் பக்கம் திருப்பினாள். டார்ச்சே இல்லாத ஒரு ஆள் டார்ச்சின் ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு திருடப் போவானா என்பது அவளுக்கு உறுத்தியது. அது திருப்புளி இல்லாமல் ஸ்க்ரூவை மட்டும் எடுத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

கம்பெனியில் மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்பதால் எல்லோரும் பேக்கிங்கில் இருந்தார்கள். அருள்குமார் வெளியே போயிருந்தார். வாட்ச்மேன் சின்னான் ஈஸ்வரமூர்த்தியிடம் முன்பு வேலை பார்த்தவர். அதனால் மறுபேச்சில்லாமல் ஆபீஸைத் திறந்துவிட்டார்.

பீரோ கதவில் பூட்டைச் சுற்றி ஒரு சதுரம் அறுபட்டிருந்தது. ஓரத்தில் பெயின்ட் கருகியிருந்தது. ஈஸ்வரமூர்த்தி குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். அவர் முகத்தில் கேலி போய், கட்டிங் டேபிளின் முன்னால் நிற்கிற பழைய மாஸ்டர் வந்துவிட்டார்.

கேஸில் அறுத்தால் தகரம் உருகி வழிந்திருக்கும், இது கிரைண்டர் என்றார். கருகினது பொறி பட்டு. ஊசியைப் பார்த்ததும் எல்லோருக்கும் டார்ச் ஞாபகம் வந்துவிட்டது, அப்புறம் யாரும் கோட்டைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கதவை மெதுவாக மூடினார், மறுபடி திறந்தார், மறுபடி மூடினார்.

"அம்மிணி, மேல் லேயர வெட்டுனா கீழ் லேயர்ல கத்தி தொட்ட கோடு விழுகோணும்" என்றார். "கதவு மேல் லேயரு. பின்னால இருக்கிற சட்டம் கீழ் லேயரு. சட்டத்துல ஒரு கீறல் கூட இல்ல பாருங்க. கதவத் தொறந்து வெச்சுட்டுத்தான் அறுத்திருக்காங்க."

கதவு திறந்திருந்தால் பூட்டை எதற்கு அறுக்க வேண்டும். கலைமகள் சின்னானிடம் சாவியைப் பற்றிக் கேட்டாள். ஒரே சாவிதான், முதலாளியின் கார் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கும் என்றார் சின்னான். பீரோவின் கீழ்த் தட்டில் வீரனுடைய தகர டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஓவர்லாக் மிஷினுக்குப் போடுகிற விலை கூடின லூப்பர்கள், எல்லாம் வெள்ளை எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. துருப்பிடிக்காமல் இருக்க மெக்கானிக்குகள் எந்த இரும்புச் சாமானையும் எண்ணெயில் நனைத்துத்தான் உள்ளே வைப்பார்கள். பித்தளையென்றாலும் பழக்கம் விடாது. டப்பாக்களுக்குப் பக்கத்தில், தட்டில் விரித்திருந்த பேப்பரில், விரல் நீளத்துக்கு ஒரு எண்ணெய்த் தடம் இருந்தது.

ஊசி வெளியிலிருந்து வரவில்லை. பீரோவுக்குள்ளிருந்துதான் விழுந்திருக்கிறது.

கலைமகள் ஆபீஸை விட்டு வெளியே வந்து, பேக்கிங் டேபிளில் இருந்த ஒரு டி-சர்ட்டை எடுத்தாள். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். போகிற போக்கில் முதலாளி எங்கே போனார் என்று கேட்டதற்கு, எஸ்.ஐ.யோடு மண்ணரைக்குப் போயிருக்கிறார் என்றார் சின்னான். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று முதலாளிதான் அவசரப்படுத்தினாராம். ஊசியை மாட்டினால் மட்டும் போதாது, டார்ச்சை எரியவைத்தே காட்ட வேண்டும், மாட்டுவதற்கு எங்கள் மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்றாராம்.

கலைமகள் ஸ்கூட்டரிடம் ஓடினாள். எண்ணெய் பூசிய ஊசி, ஆக்சிஜன், கூடவே அது தெரியாத ஒரு மெக்கானிக். ரோஸ்மேரிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. போனை எஸ்.ஐ. வாங்கி வைத்திருப்பார் என்றார் ஈஸ்வரமூர்த்தி. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் வண்டிகளை ஒதுங்கச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஹாரன் ரிப்பேராகி ஒரு மாதம் ஆகிறது, அதற்குத்தான் தன்னை வேலைக்கு வைத்திருக்கிறாள் என்று இரண்டு பஸ்காரர்களிடம் சொன்னார்.

*

பட்டறை வாசலில் சின்னக் கூட்டம் நின்றிருந்தது. எஸ்.ஐ.யும் அருள்குமாரும் சிலிண்டர் பக்கத்தில் நின்றார்கள். ரோஸ்மேரியை எதையும் தொடவிடாமல் கதவோரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒல்லியாக, வியர்த்த முகத்தோடு ஒரு ஆள் டார்ச்சின் கைப்பிடிக்குள் ஊசியைத் திருகி முடித்துக்கொண்டிருந்தான். அவன்தான் வீரன். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. ஊசி அழகாக உட்கார்ந்துவிட்டது என்று எஸ்.ஐ. ரோஸ்மேரியைத் திரும்பிப் பார்த்தார். அருள்குமார் சிலிண்டரைத் திறக்கக் கை நீட்டினார்.

"தொறக்காதீங்க" என்று கத்திக்கொண்டே கலைமகள் உள்ளே வந்தாள். "அந்த ஊசியில எண்ணெய் இருக்குது."

ரோஸ்மேரிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எஸ்.ஐ.யைத் தள்ளிவிட்டு வந்து டார்ச்சைப் பிடுங்கினாள். ஊசியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனாள். முகம் வெளுத்துவிட்டது. சிலிண்டரைத் திறந்திருந்தால் டார்ச்சைப் பிடித்திருந்தவன் கை போயிருக்கும், பக்கத்தில் நின்றவர்களுக்கு முகம் போயிருக்கும் என்று எஸ்.ஐ.க்குப் புரியும்படி சொன்னாள். எஸ்.ஐ. தன்னையறியாமல் இரண்டு அடி பின்னால் போனார்.

வீரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கேட்காமலே எல்லாம் சொன்னான். போன மாதம் கம்பெனி பாய்லருக்குக் குழாய் பற்றவைக்க ரோஸ்மேரி வந்தாள். அன்றிலிருந்து அவனுக்கு வேலையில் மனசு ஓடவில்லை. குரூப்பில் அவள் ஊசி தேடுவதைப் பார்த்தான். எப்படியாவது தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று அலைந்து வாங்கினான். நல்ல சாமானாயிற்றே என்று எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, முதலாளியிடம் சாவி வாங்கி லூப்பர் டப்பாக்களோடு பீரோவில் வைத்தான். திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுப்பதாக இருந்தான். அதற்குள் அதுவே அவள் மேல் பழியாக வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் திருடன் நீதான் என்பார்களே என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

"எண்ணெய் போடக் கூடாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றான். அழுதுவிட்டான்.

அருள்குமார் அந்த இடத்தை விடவில்லை. அப்படியானால் பீரோவைத் திறந்தது இவன்தான், லூப்பர் எடுக்க அவ்வப்போது சாவி வாங்குகிறவன் இவன்தான் என்று எஸ்.ஐ.யிடம் சொன்னார். எஸ்.ஐ.யும் வீரனின் தோளைப் பிடித்தார். ஈஸ்வரமூர்த்தி நடுவில் புகுந்து மேல் லேயர், கீழ் லேயர் கதையைச் சொன்னார். சாவி போட்டுத் திறந்துவிட்டு, அப்புறம் திருடன் வந்த மாதிரி காட்டப் பூட்டை அறுத்திருக்கிறார்கள் என்பது எஸ்.ஐ.க்குப் புரிந்தது. ஆனால் சாவி இரண்டு பேர் கையில் புழங்கியிருக்கிறதே என்றார்.

"வீரன் திருடியிருந்தா லூப்பரத்தானுங்க எடுத்திருப்பார்" என்றாள் கலைமகள். "அதெல்லாம் அப்படியே இருக்குது. போனது ஒரு சட்டை. அந்தச் சட்டை இருந்தா யாருக்குங்க நஷ்டம்?"

பையிலிருந்து டி-சர்ட்டை எடுத்து அருள்குமாரின் கையில் கொடுத்தாள். பேக்கிங் டேபிளில் எடுத்தது என்று சொன்னாள். துணி மெலிசு. இந்த பையர் எப்போதும் கேட்கிற கனம் இதில் இல்லை என்பது அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். சீல் சாம்பிளைப் பக்கத்தில் வைத்தால் கண் தெரியாதவர் கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். சாம்பிள் களவு போய்விட்டது, போலீஸ் கேஸ் இருக்கிறது என்றால் ஒப்பிட எதுவும் இருக்காது. சரக்கு போய்ச் சேர்ந்துவிடும்.

"கதையெல்லாம் நல்லாருக்குதுங்க" என்றார் அருள்குமார். "என்ற பீரோவ நானே அறுப்பனா?"

"பையர்கிட்ட இன்னொரு சீல் சாம்பிள் இருக்குமுங்க, பெங்களூர் ஆபீஸ்ல" என்றாள் கலைமகள். "நான் அங்க க்யூ.சி. பாத்தவ. ஒரு போன் போதும். பண்ணட்டுங்களா?"

அருள்குமார் டி-சர்ட்டை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ரோஸ்மேரி மேல் அவருக்கு எந்தக் கோபமும் கிடையாது. பீரோவிலிருந்து துணி விழுந்ததையே அவர் காலையில்தான் பார்த்தார். பழி தானாக வேறு பக்கம் போனது, போகட்டும் என்று விட்டுவிட்டார். வளையத்திலிருந்து கார் சாவியைக் கழற்றி எஸ்.ஐ.யிடம் நீட்டினார். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் சீல் சாம்பிள் இருந்தது.

எஸ்.ஐ. அருள்குமாரைத் தன் ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, ரோஸ்மேரியிடம் அவள் போனைத் திருப்பிக் கொடுத்தார். கேஸ் முடிந்தது என்று தலையசைத்துவிட்டுப் புறப்பட்டார். ரோஸ்மேரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குரூப்புலதான என்னத் திருடின்னு போட்டாங்க" என்றாள். "அதே குரூப்புல நீங்க சொல்லணும் சார். வாயாலேயே சொல்லணும்."

எஸ்.ஐ. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். தெருக்காரர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்மேரியின் போனை வாங்கி, வேலம்பாளையம் திருட்டில் அந்தப் பொம்பளைக்குச் சம்பந்தம் இல்லை என்று பேசிப் பதிவு செய்தார். அனுப்புவதற்குள் ரோஸ்மேரி கையை நீட்டித் தடுத்தாள்.

"பேரச் சொல்லுங்க சார். சந்தேகப்படும்போது பேரச் சொல்லித்தான சொன்னீங்க."

அவர் மறுபடி பேசினார். மண்ணரை ரோஸ்மேரி எந்தத் திருட்டும் செய்யவில்லை, தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டோம், அவருக்கு எல்லோரும் எப்போதும் போல வேலை கொடுக்கலாம் என்றார். பிறகு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததற்கான சத்தம் கூட்டத்திலிருந்த பல சட்டைப் பைகளில் ஒரே நேரத்தில் கேட்டது.

உடனே ரோஸ்மேரியின் போன் அடித்தது. காலையில் வேலை வேண்டாம் என்று சொன்ன கம்பெனிகளில் ஒன்று. பாய்லர் லீக், இப்போதே வர முடியுமா என்று கேட்டார்கள்.

"நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்றாள். "இன்னைக்கு முடியாது. இன்னைக்கு நான் உக்காந்து அழணும்."

போனை வைத்துவிட்டு, அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வீரன் பக்கத்தில் போகவும் தைரியமில்லாமல், விட்டுப் போகவும் மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தான். கலைமகள் அவளுடைய தோளில் கை வைத்தாள். ஈஸ்வரமூர்த்தி வெளியே போய்க் கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னார்.